டிராக்டருக்கு பிரேக் இருக்கிறது, டிரெய்லருக்கு?

கார்த்திகை தீபம் நெருங்கும் நாட்களில்தான் திருவண்ணாமலை மாவட்டத்தில் கரும்பு வெட்டும் சூடுபிடிக்கிறது. செங்கம் சாலையின் ஒரு பகுதி 14 கி.மீ. கிரிவலப் பாதையிலும் சேர்ந்தது. பாரம் ஏற்றிய டிராக்டர்களும் நடந்து செல்லும் பக்தர்களும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 2024-ல் மாநகராட்சியான இந்த ஊரில் நெரிசல் இனி கூடத்தான் செய்யும். ஆனால், அந்த டிராக்டர்களின் பின்னால் வரும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது.

எடை சொல்லும் கணக்கு

டிராக்டரின் எடை 2 டன், சுமையோடு டிரெய்லர் 6 டன் என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் வரும் டிராக்டர் தனியாக இருந்தால் சுமார் 7 மீட்டரில் நின்றுவிடும். அதே பிரேக் 8 டன்னை நிறுத்த வேண்டுமானால் ஏறக்குறைய நான்கு மடங்கு, அதாவது 28 மீட்டர் தேவை. ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடிவிடுவதையும் சேர்த்தால் 36 மீட்டர். இரண்டு சக்கர டிப்பரில் சுமையின் ஒரு பங்கு டிராக்டர் மேல் விழுவதால் தூரம் சற்றுக் குறையலாம். ஈரச் சாலையில் அதுவும் உதவாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிராக்டர் நிற்கப் பார்க்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். வளைவில் அப்படித் தள்ளினால் இரண்டும் கத்தரிபோல மடங்கிக் கவிழும். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் சாமை மூட்டைகளோடு இறங்குபவர்களுக்கு இது புதிதல்ல.

பழைய டிராக்டருக்கு எது பொருந்தும்?

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளுக்கு, டிரெய்லர் சக்கரத்தில் மின்காந்த பிரேக்கும் ஓட்டுநர் அருகே அதற்கான கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்துகிறார்கள். நம் பழைய டிராக்டரில் பேட்டரியும் சார்ஜிங்கும் நல்ல நிலையில் இல்லாவிட்டால் அதை நம்ப முடியாது. மற்ற வழிகள் மூன்று.

முதலாவது, தள்ளுவிசை பிரேக். டிராக்டர் வேகம் குறைந்ததும் டிரெய்லரின் இழுப்புச் சட்டம் உள்வாங்கி, பிரேக்கை அழுத்தும். டிராக்டரில் எந்த மாற்றமும் வேண்டாம். பின்னோக்கி ஓட்டும்போது பிரேக் பிடிக்காமலிருக்கத் தனிப் பூட்டு அவசியம்.

இரண்டாவது, ஹைட்ராலிக் பிரேக். மிதிக்கும் அளவுக்கு ஏற்ப அழுத்தம் தரும் வால்வு இதற்கு வேண்டும். டிப்பரைத் தூக்கும் பைப்பை நேராக பிரேக்கில் இணைத்தால் சக்கரம் திடீரென்று இறுகிவிடும்.

மூன்றாவது, ஏர் பிரேக். கம்ப்ரசர், டேங்க், கால் வால்வு மூன்றும் வேண்டுமென்பதால் செலவு கூடும். அடிக்கடி அதிக பாரம் ஏற்றுபவர்களுக்கு ஏற்றது.

எதைப் பொருத்தினாலும், டிரெய்லர் பிரேக் டிராக்டர் பிரேக்கைவிட ஒரு கணம் முன்னதாகப் பிடிக்கும்படி சரிசெய்யச் சொல்லுங்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடாமலிருக்கப் பாதுகாப்புச் சங்கிலி போடுங்கள். சாலையில் ஏறும் முன் இடது, வலது பிரேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்.

யார் பொறுப்பு?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். டிராக்டருக்கு மட்டும் காப்பீடு வைத்துக்கொண்டு டிரெய்லரை மறந்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுச் சுமை உங்கள் நிலத்தின் மேல் விழக்கூடும். பிரேக் பொருத்தும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுமையை விவசாயி மேல் மட்டும் ஏற்றுவது நியாயமல்ல. வேளாண் வாகன பிரேக்குக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் தனி விதிகளே வகுத்தது. இங்கே அபராதத்தில் தொடங்க வேண்டியதில்லை. செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற ஆலைகள் அரவைக்கு முன் டிரெய்லர் பரிசோதனை முகாம் நடத்தலாம். வேளாண் பொறியியல் துறை பிரேக் பொருத்த மானியம் தரலாம். பௌர்ணமி, தீப நாட்களில் பாரம் ஏற்றிய டிராக்டர்களுக்குத் தனி நேரத்தை மாவட்ட நிர்வாகம் ஒதுக்கலாம்.

அதுவரை, பிரேக் இல்லாத டிரெய்லரில் பாரத்தைக் குறைத்து, இரண்டு நடையாக ஓட்டுங்கள். கூடுதல் டீசல் செலவு கணக்கில் தெரியும். ஓர் உயிரின் விலை எந்தக் கணக்கிலும் அடங்காது.