ஐந்து ரூபாய்க்கு லட்ச ரூபாயா?

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு நண்பர், என்னைப் போல் பென்ஷன்காரர். வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் காசுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று நம்பி, 'பதிவுக் கட்டணம்' என்று 8,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அப்புறம் போனை யாரும் எடுக்கவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

2012-ல் புழக்கத்துக்கென்றே அடித்த காசு அது. அபூர்வம் எங்கிருந்து வரும்? பழைய காசு விற்பனைக்குத் தான் கட்டணமோ கமிஷனோ கேட்பதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

காரைக்காலில் பிரெஞ்சில் படித்த காலத்தில் ஜான் லா கதை கேட்டிருக்கிறேன். 1720-ல் அவருடைய மிசிசிப்பி கம்பெனிப் பங்கு 10,000 லிவர் வரை ஏறி, அதே வருஷம் சரிந்தது. அங்கேயாவது வாங்க ஆள் இருந்தான். இங்கே விலை மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை.

ஒன்றே ஒன்று கேளுங்கள்: விற்கிறவன் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?