பதினொண்ணா, பன்னிரண்டா?

நீச்சல் குளத்தில் இறங்கிய பலருக்கும் நடுவில் வரும் சந்தேகம் இது. மூச்சு, கை, கால், பக்கத்து லேனில் தண்ணீரை வாரி இறைப்பவர் என்று கவனம் சிதறும்போது எண்ணிக்கை நழுவிவிடும். அதற்காகத்தான் விரலில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டனை அமுக்கும் கவுண்டரும், தானாகவே எண்ணும் வாட்சும் வந்தன.

"இதை எண்ணக்கூட ஒரு மெஷினா?" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் என்றால் 50 மீட்டர் குளத்தில் 30 நீளம். அந்த வீரர்களுக்கே திரும்பும் முனையில், மீதி எத்தனை என்று எண் காட்டுகிறார்கள். இரண்டு நீளமும் 5 மீட்டரும் மிச்சமிருக்கும்போது எச்சரிக்கை ஒலியும் எழுப்புகிறார்கள். அவர்களுக்கே உதவி வேண்டும் என்றால், மற்றவர்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் வாட்ச் சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் தப்பு. அது குளத்தைப் பார்ப்பதில்லை, கையின் அசைவைத்தான் கவனிக்கிறது. கை வீச்சு நின்று, சுவரை உதைத்து வழுக்கிப் போகும் அந்த நொடியை வைத்து ஒரு நீளம் முடிந்தது என்று கணக்குப் போடுகிறது. பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்துப் பாருங்கள், அது பெரும்பாலும் கணக்கிலேயே வராது! பாதியில் நின்று கண்ணாடியைச் சரிசெய்தால் ஒன்று கூடுதலாக விழவும் வாய்ப்புண்டு.

இன்னொரு தப்பு ஆளுடையது. குளத்தின் நீளத்தை நாம்தான் வாட்சில் பதிய வேண்டும். 20 மீட்டர் குளத்தை 25 என்று போட்டுவிட்டால், 40 நீளத்துக்கு 1000 மீட்டர் என்று காட்டும். உண்மையில் நீந்தியது 800தான். தொடக்க இருப்பு தப்பானால் பேரேடு முழுக்கத் தப்பு என்பது காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியாததா?

அதற்கு வழியும் அங்கேயே இருக்கிறது. பாஸ்புக்கையும் நம் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது மாதிரி, வாரத்தில் ஒரு நாளாவது மனசுக்குள்ளும் எண்ணி, வாட்சோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால் எங்கே என்று தேட வேண்டும். கூடுதலாகக் காட்டினால் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வாட்ச் குமாஸ்தா மாதிரி, எழுதி வைக்கட்டும். தணிக்கை செய்ய வேண்டியது நீந்துபவர்தான். என்ன சொல்கிறீர்கள்?