ஒற்றைக்கண் குதிரையும் பழைய மோட்டார் வண்டியும்

அமெரிக்க நாட்டில் 'மசில் கார்' என்றொரு வகை மோட்டார் வண்டி உண்டு. நடுத்தர உடலில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிதிறந்தது. இன்று அத்தகைய வண்டிகள் பல வீட்டுக் கொட்டகைகளில், பாதி பழுதுபார்த்த நிலையில், அட்டைப் பெட்டிகளில் அடைத்த பாகங்களோடு கிடக்கின்றன. தந்தை ஆசையோடு தொடங்கினார். பொழுதும் பொருளும் போதவில்லை. பிள்ளையின் கல்விச் செலவு கதவைத் தட்டுகிறது. விற்றாக வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது?

துருவை மறைப்பது எளிது. ஓட்டைத் தகட்டின்மேல் பட்டி பூசித் தேய்த்து வர்ணம் அடித்தால் கண்ணாடிபோல் மின்னும். காந்தம் வைத்தால், பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது நழுவும். காந்தம் எட்டாத இடங்களும் உள. தொடக்க கால மஸ்டாங் வண்டிகளில் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றறை துருப்பிடித்து, மழைநீர் காலடியில் சொட்டும்; தரைத்தகடு மெல்ல அரித்துப்போகும்.

வேறொரு மறைப்பும் உண்டு. 1964, 1965-இல் ஜி.டி.ஓ. என்பது லெ மான்ஸ் வண்டிக்குக் கூடுதல் விலையில் கிடைத்த அமைப்பே. வண்டி எண்ணால் பிரித்தறிய இயலாது. 1966-இல் தனி வகையாகி, எண் 242 எனத் தொடங்கிற்று. சாதாரண லெ மான்ஸில் சின்னம் ஒட்டி ஜி.டி.ஓ. விலை கேட்போர் உளர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித அக்குவினாஸ் தோமையார் தம் இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது குதிரை. ஒற்றைக்கண் குதிரையை விற்பவன் குறையைச் சொல்ல வேண்டியதில்லை, வாங்குபவனே காண்கிறான், விலையைத் தக்கபடி குறைத்தால் போதும். ஆனால் நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென விற்றால் வாங்கியவனுக்கு ஆபத்து. மறைந்த குறையைச் சொல்லியே ஆகவேண்டும்.

எஞ்சின் மூடியை வெட்டியதும், வேறு சக்கரம் மாட்டியதும் ஒற்றைக்கண். வலிய எஞ்சினின் கீழே உளுத்த சட்டம் நொண்டிக்கால். அதை ஓட்டப்போகிறவன் பத்தொன்பது வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அந்நாட்டில் பழைய வண்டி விற்போர் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக்கொள்வர். பின்னர் என்னைக் கேளாதே என்பது பொருள். நம் தமிழிலோ அச்சொற்கள் உண்மை பேசுவதைக் குறிக்கும்!

குறையைப் பறையறைந்து அறிவிக்க வேண்டுமா? வேண்டாம் என்கிறார் தோமையார். நிறையை அறியுமுன்னே வாங்குவோர் அஞ்சி விலகுவர். வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் சொன்னால் போதும். இதில் ஒன்று சேர்க்கத் துணிகிறேன். அன்று வாங்குபவன் சந்தையில் எதிரே நின்றான். இன்று ஐந்நூறு மைல் கடந்து, இழுவை வண்டியோடு வருகிறான். அவன் புறப்படுமுன்னே தொலைபேசியில் சொல்லி, அடிப்பாகத்தின் நிழற்படங்களையும் அனுப்பிவிடுதல் நன்று. கழற்றி வைத்த பழைய பாகங்களையும் பெட்டியோடு கொடுத்துவிடலாம். அவற்றிற்குத் தனி மதிப்புண்டு.