கோப்பும் கோப்புறையும்

கணிப்பொறியில் காணும் 'போல்டர்' என்பதும், ஆபீஸில் நாடாவிட்டுக் கட்டி அலமாரியில் அடுக்கும் 'போல்டர்' என்பதும் ஒன்றுதானா என்று சங்கத்து அன்பர் சிலர் நம்மை வினவினர். இருப்புப்பாதைக் காரியாலயத்தில் இரண்டோடும் அன்றாடம் மல்லாடுகிற நம்மைக் கேட்டது பொருத்தமே. பெயர் ஒன்று, குணம் வேறு என்பதே நம் விடை.

பெயர் ஒன்றானதற்குக் காரணம் உண்டு. 1981-இல் அமெரிக்க நாட்டு ஜெராக்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 'ஸ்டார்' என்னும் கணிப்பொறியின் திரையில், குமாஸ்தாவின் மேஜையைப் போலவே காகிதமும் உறையும் படங்களாக வரையப்பட்டிருந்தன. 1984-இல் மாக்கின்டாஷ் அதனைப் பரவலாக்கிற்று. 1995-இல் வந்த விண்டோஸ், அதுவரை 'டைரக்டரி' என்று வழங்கியதை 'போல்டர்' என்றே அழைக்கலாயிற்று. தமிழில் நமக்கு மற்றொரு குழப்பமும் சேர்ந்தது. ஆபீஸில் 'கோப்பு' என்றால் பல காகிதங்களை எண்ணிட்டுக் கோத்த கட்டு. கணிப்பொறியிலோ கோப்பு என்பது தனியொரு காகிதம். அவற்றை வைக்கும் உறையே கோப்புறை. ஆகவே ஆபீஸ் கோப்புக்கு ஒப்பானது கணிப்பொறியின் கோப்புறையேயன்றிக் கோப்பு அன்று.

குணத்தில் வேறுபாடு யாது? காகிதம் ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். கணிப்பொறியில் நகல் எடுத்து எத்தனை உறைகளிலும் வைக்கலாம்; உறைக்குள் உறையாகவும் அடுக்கலாம். இங்கேதான் இடர். வளைந்த அம்புக்குறியோடு தோன்றும் 'குறுக்குவழி' என்பது உறையன்று. உறை இருக்குமிடத்தைக் காட்டும் கைகாட்டி மட்டுமே. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ்களையெல்லாம் பென்டிரைவில் ஏற்றியதாக நம்பித் திருப்பதிக்கு வந்தனர். நெட் சென்டரில் திறந்தால் அம்புக்குறி மட்டும் இருந்தது. கணிப்பொறியோ கிராமத்து வீட்டில் பூட்டிக் கிடந்தது. அன்றைய கெடு போயிற்று. அடுத்த சுற்றில் அப்பெண் விரும்பிய பாடம் கிட்டவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது சிறிய இழப்பா?

அழிப்பதிலும் கவனம் வேண்டும். கணிப்பொறியில் உறையை நீக்கினால் உள்ளிருப்பன யாவும் உடன் நீங்கும். ஆயினும் குப்பைக் கூடையில் சிலகாலம் கிடக்கும். பென்டிரைவிலிருந்து நீக்கியது பெரும்பாலும் அக்கூடைக்குள் வருவதில்லை.

பெயரிடும் முறையையும் பலர் கேட்கின்றனர். விண்டோஸில் சாய்கோட்டைப் பெயரில் இட முடியாது. தேதியை ஆண்டு முதலாக, 2024-03-12 என எழுதின் வரிசையும் தானே அமையும். ஆங்கிலத்தில் 'கான்' என்று மூன்றெழுத்தில் உறைக்குப் பெயரிட முடியாதது பேய் வேலையோ என ஓர் இளைஞர் கேட்டார். பழைய டாஸ் காலத்தில் அச்சொல் விசைப்பலகையையும் திரையையும் குறிக்க ஒதுக்கப்பட்டது. இன்றும் அவ்விலக்கு நீடிக்கிறது. பேய் எதுவும் இல்லை.

மேலே என்ன எழுதுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் திருமலையே சான்று. அன்னமய்யர் குடும்பத்தாரின் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகள் கோயிலுள் ஒரு கல்லறையில் வைக்கப்பட்டு, நெடுங்காலம் மறக்கப்பட்டு, 1922-இல் வெளிப்பட்டன. கீர்த்தனைகளுக்கு இராகத்தின் பெயர் குறித்திருந்தனர், அது நிலைத்தது. மெட்டை எழுதி வைக்கவில்லை. ஆதலின் அறிஞர் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று.

நம் வீடுகளில் இச்சங்கடம் வேறு உருவில் வரும். 1911-க்கு முற்பட்ட பாட்டனார் பத்திரத்தில் 'வட ஆர்க்காடு ஜில்லா' என்றிருக்கும், பின்னதில் 'சித்தூர்', 2022 ஏப்ரல் 4-க்குப் பின் நம்மிற் பலருக்குத் 'திருப்பதி மாவட்டம்'. திருத்தணியில் 1960-க்கு முன் எழுதிய பத்திரத்திலும் சித்தூரே இருக்கும். அவ்வாண்டு ஏப்ரலில்தான் அவ்வூர் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. இவை பிழைகள் அல்ல. ஜில்லா வாரியாக உறை பிரிக்காமல் ஆள் வாரியாகப் பிரிப்பதே நன்று. பெயர்தான் உண்மையான தொல்லை. நம் முன்னெழுத்து தந்தையாரைக் குறிக்கும். தெலுங்கு வழக்கிலோ முன்னால் நிற்பது வீட்டுப் பெயர். பள்ளியில் ஒருவாறும், ஆதாரில் ஒருவாறும் விரித்து எழுதிவிட்டால் பிள்ளை இரண்டு மனிதராகிவிடுகிறான். ஆகையால் ஒவ்வொரு பிள்ளையின் உறையிலும் முதற் காகிதமாக, எந்தச் சான்றிதழில் பெயர் எவ்விதம் உள்ளது என ஒரு குறிப்புத்தாள் வைக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் திருத்துவதினும் பத்தாம் வகுப்புக்கு முன் திருத்துவது எளிது.

2015-இல் அரசாங்கம் தொடங்கிய 'டிஜிலாக்கர்' பற்றியும் ஒரு சொல். அதில் வழங்கும் துறையே நேராக இடும் ஆவணம், 2017-இன் விதிப்படி மூலத்துக்கு நிகர். நாமாகப் படம்பிடித்து ஏற்றியது அவ்வாறன்று. அது வெறும் நகல்.

மூலப் பத்திரத்தைத் துளையிட்டு ஆபீஸ் போல்டரில் கோக்கலாமா என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். வேண்டாம், அம்மா. நகலைத் துளையிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் திறந்து மூடக்கூடிய தெளிந்த உறையிலிட்டு, தகரப் பெட்டியில் தட்டையாக வையுங்கள். லாமினேஷனும் கூடாது, பின்புறத்து முத்திரையைச் சோதிக்க வேண்டுவோர்க்கு அது தடையாகும், பிரிக்க முயன்றால் தாளும் கிழியும்.