தெரிந்தவர் போல் பேசட்டும்

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை நாம் ஏன் விரும்பிப் பார்க்கிறோம்? நட்சத்திரங்களுக்காகவா? ஆடம்பர அரங்குகளுக்காகவா? அடுத்த நாள்வரை தவிக்கவிடும் திருப்பங்களுக்காகவா? இவை சில வாரங்களுக்கு நம்மைப் பிடித்துவைக்கும். ஆண்டுக்கணக்கில் பார்க்க வைப்பது, திரையில் வருபவர்கள் நமக்குத் தெரிந்தவர்களைப் போல் பேசுவதுதான் என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் 1997 முதல் 2007 வரை ஒளியேறிய 'புவா சூ காங்' நகைச்சுவைத் தொடரையே இதற்குச் சான்றாகக் காட்டலாம். சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், மஞ்சள் ரப்பர் காலணி. வீடு புதுப்பிக்கும் குத்தகைக்காரராக குர்மித் சிங் நடித்தார். அவருடைய தம்பியோ படித்த கட்டடக் கலைஞர். தம்பி மனைவி மார்கரெட் நாகரிகம் மிக்கவர் என்று தம்மைப் பற்றி எண்ணுபவர். அண்ணன் சிங்லிஷில் ஒன்றைச் சொல்வார். மார்கரெட் இலக்கண ஆங்கிலத்தில் மூக்கைச் சுளிப்பார். சிரிப்பு அங்கேதான் பிறந்தது. இன்னார் இப்படித்தான் பேசுவார் என்று நமக்கு முன்பே தெரியும். அவர் அப்படியே பேசும்போது, நம் வீட்டு மாமாவைக் கண்டதுபோல் மகிழ்கிறோம்.

1999ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் இக்கதாபாத்திரத்தைக் குறிப்பிட்டார். மாணவர்கள் அவரைப் போல் பேசத் தொடங்கியது அவருக்குக் கவலை அளித்தது. சூ காங்கை ஆங்கில வகுப்பிற்கு அனுப்பலாம் என்றார். கற்பனை மனிதர் ஒருவர் நாட்டின் மொழிக் கவலையாகவே ஆனார் என்றால், அந்தப் பேச்சுக்கு எத்துணை ஈர்ப்பு இருந்திருக்க வேண்டும்!

தமிழில் நம் சிக்கல் நேர்மாறானது. 2008 அக்டோபரில் வசந்தம் நமக்கெனத் தனி ஒளிவழியானது. ஆனால் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்நிலையில், நாடகத்தில் வரும் மகன் தாயிடம், "நான் பல்கலைக்கழகத்திற்குச் செல்கிறேன், அம்மா" என்றால் இளையர் என்ன நினைப்பார்? எந்த வீட்டில் மகன் அப்படிப் பேசுகிறான்? அதற்காக அவன் சென்னைக்காரன் போலவும் பேச வேண்டியதில்லை. "பசாருக்குப் போயிட்டு வரேன்" என்று நம் பாட்டி சொல்வாரே, அந்தத் தமிழ் போதும்.

இப்படி எழுதினால் மொழி கெட்டுவிடாதா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் பேச்சுத்தமிழ் வேறு, கொச்சை வேறு. 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே வகுப்பறையில் பேச்சுத்தமிழை வலியுறுத்தியது. செய்தி நல்ல எழுத்துத்தமிழில் வரட்டும். விவாதம் செந்தமிழில் நடக்கட்டும். நாடகத்துச் சமையலறையில் மட்டும் அம்மா அம்மாவாகவே பேசட்டும். பார்க்கவே பிடிக்காத நிகழ்ச்சி யாருக்கு மொழியைக் கற்றுத்தரும்?

நம் பேரவையிலும் ஆண்டுதோறும் நாடகம் எழுதுகிறோம். நம்மில் சிலர் நாளை தொலைக்காட்சிக்கும் எழுதக்கூடும். எழுதிய வசனத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நண்பர்களே. வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று தோன்றினால் தயங்காமல் மாற்றுங்கள்.