ஹாக்ஸ்பேக் ஏரிக்கரை விவகாரம்: எமது மாதர் சங்கத்தின் நிலைப்பாடு

காணாமற்போன ஒரு பெண்ணின் உடல் எச்சங்கள் கிடைத்துவிட்டால் அவளைப் பற்றிய விசாரணையும் முடிந்துவிட்டதாகக் கருதும் மனோபாவம் பொதுமக்களிடையே பரவிவருவதால், கனடா தேசத்து ஹாக்ஸ்பேக் ஏரிக்கரை விவகாரத்தில் எமது சங்கத்தின் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமாகிறது.

விஷயம் இதுதான். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்டர்ஹூஃப் என்னும் சிற்றூருக்குத் தென்கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் காட்டினிடையே அமைந்த அந்த ஏரிக்கரையில், 2011 மே 27 இரவு நடந்த பிறந்தநாள் விருந்துக்குத் தன் பிக்கப் வண்டியில் சென்ற 20 வயது யுவதி, உடன் வந்த தோழி இரவோடிரவாகத் திரும்பிவிட்ட பிறகும், திட்டமிட்டபடி தன் கூடாரத்திலேயே தங்கினாள். விடியற்காலை மூன்று மணி சுமாருக்குப் பின் அவளைக் கண்டவர் இல்லை. 29ஆம் தேதி தேடிச்சென்ற பெற்றோர் கண்டது, நின்றபடி நின்ற வண்டியையும் ஆளற்ற கூடாரத்தையுமே. வண்டிச் சாவியும் கைப்பேசியும் அவளோடு மறைந்திருந்தன. போலீசார் நிலத்திலும், வானிலிருந்தும், ஏரிநீருக்குள்ளும் தேடினார்கள். துப்புத் தருவோருக்கு ஒரு லட்சம் டாலர் வெகுமதி அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 மே மாத இறுதியில், வான்டர்ஹூஃபின் கிழக்குப் புறத்திலுள்ள ஒரு கிராமப்புற நிலத்தில் கிடைத்த எச்சங்கள் அவளுடையவையே என்று போலீசார் அறிவித்தார்கள். மரணத்தின் காரணமோ, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதோ அந்த அறிவிப்பில் இல்லை.

ஆகவே பழைய கேள்வி தீரவில்லை என்பதோடு, புதிய கேள்வியொன்றும் பிறந்திருக்கிறது. சொந்த வண்டி ஏரிக்கரையிலேயே நின்றிருக்க, அவள் ஊரையொட்டிய நிலத்துக்கு எவ்விதம் போய்ச் சேர்ந்தாள்? உயிரோடு சென்றாளா, உயிர் போன பின் கொண்டுசெல்லப்பட்டாளா? இதற்கு விடை கிடைக்கும்வரை இந்த வழக்கின் கோப்பு மூடப்படலாகாது என்பதும், அனுபவமுள்ள புலனாய்வாளர்கள் பெயரளவுக்கன்றி மெய்யாகவே அதில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பதும் எமது திடமான நிலைப்பாடு. கொலைக் குற்றத்துக்குக் கனடா தேசத்துச் சட்டம் காலவரம்பு எதுவும் விதிக்கவில்லை. சட்டம் விதிக்காத வரம்பைச் சலிப்பு விதிக்க இடங்கொடுப்பது அநீதி.

அவள் விருந்துக்குப் போனதைப் பற்றியும், இரவில் தனியே தங்கியதைப் பற்றியும் எழுப்பப்படும் முணுமுணுப்புகளை எமது சங்கம் முழுதாக நிராகரிக்கிறது. கோடையின் வாயிலில் ஏரிக்கரையில் கூடாரமடித்துக் கூடுவது அந்த வட்டாரத்து இளைஞர்களுக்குச் சர்வசாதாரணம். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிக்க வகையற்ற சமூகம், குற்றத்துக்கு ஆளானவளின் நடத்தையை விசாரிப்பதில் மட்டும் அபார உற்சாகம் காட்டுவது எமக்குப் புதிய அனுபவமல்ல.

இந்த ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நாங்கள் ஓய்ந்துவிட முடியாது. வான்டர்ஹூஃப் வழியாகச் செல்லும் 16ஆம் எண் நெடுஞ்சாலையில், பிரின்ஸ் ஜார்ஜ் நகருக்கும் பிரின்ஸ் ரூப்பர்ட் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட எழுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பாதையைக் கண்ணீர் நெடுஞ்சாலை என்றே அம்மக்கள் அழைக்கிறார்கள். அந்தச் சாலையையும் அதனோடு சேர்ந்த வேறு சில சாலைகளையும் ஒட்டி, 1969 முதல் 2006 வரை கொலையுண்டோ காணாமலோ போன 18 பெண்களின் வழக்குகளைப் போலீசாரின் இ-பானா என்னும் தனிக் குழு எடுத்துக்கொண்டது. அவர்களில் பலர் ஆதிகுடிப் பெண்கள். ஏரிக்கரை யுவதி ஆதிகுடிப் பெண்ணல்லள். அவளுக்காக வானிலும் நீரிலும் தேடினார்கள், வெகுமதியும் அறிவித்தார்கள். அது முற்றிலும் நியாயமே. ஆனால் அதே முனைப்பு அந்த ஆதிகுடிப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்று அவர்களுடைய குடும்பத்தார் பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள். அந்த முறையீட்டை நாங்கள் அப்படியே ஆதரிக்கிறோம். கையைக் காட்டி அந்நியர் வண்டியில் ஏறும் நிர்ப்பந்தம் நீங்கப் பஸ் வசதி வேண்டுமென்று 2006இல் பிரின்ஸ் ஜார்ஜில் கூடிய மாநாடு தன் 33 பரிந்துரைகளில் ஒன்றாகக் கூறிற்று. ஊர்களை இணைக்கும் அரசுப் பஸ்கள் ஓடத் தொடங்கியதோ 2017இல்தான். ஒரு பஸ்ஸுக்குப் பதினோரு ஆண்டுகள் என்பது எந்த அரசாங்கத்துக்கும் பெருமையன்று.

வதந்தியின் பேரில் எவரையும் குற்றவாளியாகச் சுட்டுவதற்கு எமது சங்கம் உடன்படாது. சிற்றூரில் நிரூபணமற்ற ஒரு பெயர் வாய்க்கு வாய் உலவுவது, நிரபராதியின் வாழ்வைக் கெடுப்பதோடு உண்மைக் குற்றவாளிக்குத் திரையாகவும் ஆகிவிடும். ஆனால் அன்றிரவு ஏரிக்கரையில் இருந்தவர்கள் இன்று முப்பதைக் கடந்த மனிதர்கள். பெண் குழந்தைகளைப் பெற்றவர்களும் அவர்களில் இருக்கக்கூடும். அன்று யாருக்கோ அஞ்சியோ, நட்பை எண்ணியோ, அற்பமென்று நினைத்தோ சொல்லாமல் விட்ட ஒரு செய்தி, நள்ளிரவுக்குப் பின் வந்த ஒரு வண்டியைப் பற்றியதாயினும் சரி, காதில் விழுந்த ஒரு வாக்குவாதத்தைப் பற்றியதாயினும் சரி, அவர்களிடம் இருக்குமானால், இனியும் தாமதியாமல் வான்டர்ஹூஃப் போலீசாரிடம் நேரில் சென்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.