எதை நம்புவது?

ஏதோ ஒரு நாட்டில் மக்கள் கிளர்ச்சி என்று செய்தி வருகிறது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதாக ஒரு தொலைக்காட்சி சொல்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறது அந்நாட்டு அரசு. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, இரண்டில் ஒன்றை நம்பி அடுத்தவருக்கும் சொல்லிவிடுகிறோம். இல்லையேல், உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று கூறி விட்டுவிடுகிறோம். இது சரிதானா? 1989ஆம் ஆண்டு ருமேனியாவில் நடந்ததைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அவ்வாண்டு டிசம்பரில், திமிசோவாரா நகரில், லாஸ்லோ தோக்கேஷ் என்ற சீர்திருத்த சபைப் போதகரை அவரது இல்லத்திலிருந்து வெளியேற்ற அரசு முயன்றது. சபை மக்கள் வீட்டைச் சுற்றி நின்று தடுத்தனர். அது நகரம் முழுவதும் போராட்டமாகப் பரவியது. டிசம்பர் 17 அன்று படையினர் மக்களைச் சுட்டனர். இது போக்கிரிகளின் செயல், அந்நியரின் சதி என்று அதிபர் செயுசெஸ்கு தொலைக்காட்சியில் பேசினார். அண்டை நாடுகளின் செய்தி நிறுவனங்களோ 4,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கூறின. தோண்டியெடுக்கப்பட்ட உடல்களைக் கண்டு உலகமே பதறியது.

பின்னர் வெளிவந்த உண்மை வேறு. அவ்வுடல்கள், வேறு காரணங்களால் இறந்து, ஏழைகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்டவர்களுடையவை. அந்நகரில் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ நூறு பேர். ஆனால் படுகொலை பொய்யல்ல. 40க்கும் மேற்பட்ட உடல்களை மருத்துவமனையிலிருந்து இரவோடு இரவாக எடுத்துச் சென்று, தலைநகர் புக்காரெஸ்டில் எரித்துத் தடயத்தை அழித்திருந்தது அரசு.

ஆக, உண்மை நடுவில் இல்லை. அரசு சொன்னது பொய். வெளியே சொல்லப்பட்ட எண்ணிக்கை பல மடங்கு மிகை. மிகை வெளிப்பட்டதும், உண்மையாகவே இறந்தவர்களைப் பற்றியும் சிலர் ஐயப்படத் தொடங்கினர். பாதிக்கப்பட்டோருக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி அது.

வதந்தி உயிரையும் பறித்தது. டிசம்பர் 22 அன்று ஆட்சி கவிழ்ந்தபின், பயங்கரவாதிகள் எங்கும் பதுங்கியிருப்பதாகச் செய்தி பரவியது. மறுநாள் ஒத்தோப்பேனி விமான நிலையத்தைக் காக்க வந்த படையினரையே பயங்கரவாதிகள் என்று எண்ணி, அங்கிருந்த படையினர் சுட்டனர். 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? சொல்பவர் நேரில் கண்டாரா, கேட்டதைச் சொல்கிறாரா என்று பார்ப்போம். பத்து ஊடகங்கள் சொன்னாலும், அனைத்தும் ஒருவரிடமிருந்தே பெற்றிருந்தால் சாட்சி ஒன்றுதான். இறந்தோர் எண்ணிக்கையை யார், எங்கே எண்ணினார்கள் என்று கேட்போம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரையும், தவறைத் திருத்தி வெளியிடுபவரையும் கூடுதலாக நம்பலாம். செய்தியாளர்களை உள்ளே விடாத அரசு, தன் சொல்லின் நம்பகத்தன்மையைத் தானே குறைத்துக்கொள்கிறது. நமக்குப் பிடித்த தரப்பின் செய்தியையும் இதே அளவுகோலால் அளப்போம்.

துன்புறும் மக்களுக்காக மன்றாட நமக்கு எண்ணிக்கை தேவையில்லை, இன்றே மன்றாடலாம். ஆனால் ஒரு செய்தியை அன்பியக் கூட்டத்திலோ, கைபேசி வழியாகவோ பிறருக்குச் சொல்லும்போது நாமும் சாட்சிகளாகிறோம். உறுதியாகத் தெரியும்வரை ஒருநாள் காத்திருப்பதால் யாருக்கும் இழப்பில்லை.